நாற்பத்தொன்றாம் எண் கண்

மணி இரண்டு.

ராத்திரி இரண்டு என்று நினைத்து யாரும் இப்போதே போர்வையை இழுத்துக்கொள்ள வேண்டாம். பட்டப்பகல் இரண்டு. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? அதற்கென்ன நைட் ஷிஃப்டா போட்டிருக்கிறார்கள்?

மெக்கானிக் வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்கிறார் டிரைவர். பஸ்ஸில் லைட் கிடையாது, வெளியே ஒரு வீடு கிடையாது. கதை வேண்டும் என்று கேட்டது நீங்கள்தான். பிறகு தூக்கம் வரவில்லை என்று என்னைத் திட்டக் கூடாது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... யாரது, அந்த டார்ச்சை அணையுங்கள், கண்ணில் அடிக்கிறது.

இது என் நண்பனின் அத்தானுக்கு நடந்தது. கூடப்பிறந்த அக்காவின் கணவர். அவனுக்கு அத்தான் என்றால் எங்கள் செட்டுக்கே அத்தான்தான். சாதுவான மனிதர். குனிந்த தலை நிமிராமல் வேலைக்குப் போவார், வருவார். பொய் சொல்லாத ஆள்... இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. ஒரே ஒரு பொய் சொன்னார். அதுதான் கதையே.

ஞாயிற்றுக்கிழமை. பகல் இரண்டு மணி. பஸ் நிறுத்தத்தில் இறங்கி ஆய்வுக்கூடத்துக்கு நடந்து போகிறார் அத்தான். ஒன்றரை கிலோமீட்டர் ரோடு. இரண்டு பக்கமும் உயரமான சுற்றுச்சுவர். ஒரு பெட்டிக்கடை கிடையாது, ஒரு மரம் கிடையாது. எப்போதாவது ஒரு லாரி போகும். அன்றைக்கு அதுவும் இல்லை. அவருடைய செருப்புச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. சரக்... சரக்... சரக்...

ரோடு வளைகிற இடத்தில் ஒரு வாசனை. ஆரஞ்சுப் பழத்தை அப்போதுதான் உரித்த மாதிரி... சுள்ளென்று.

அத்தான் நின்றார். முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். ஈ காக்கை இல்லை. ரோட்டில் ஒரு துண்டுத் தோல்கூட இல்லை. ஆனால் அந்த வாசனை யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நடையை எட்டிப் போட்டார்.

கேட் வரைக்கும் அந்த வாசனை கூடவே வந்தது.

இந்த இடத்தில் அவருடைய வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், பாடம் நடத்த மாட்டேன். கண்ணுக்குள் பின்சுவரில் ஒரு படலம் ஒட்டியிருக்கிறது. விழித்திரை. நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி அத்தனை மெல்லிசு. வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிற செல்கள் அதில்தான் இருக்கின்றன. எல்லாப் பேரும் புகழும் அவற்றுக்கு. ஆனால் அந்தச் செல்களைத் தாங்கிப் பிடிக்க, அவற்றுக்குச் சோறு போட, குப்பையை அள்ள வேறொரு வகைச் செல் இருக்கிறது. கிளியா என்பார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற ஆள் எல்லா வீட்டிலும் ஒருத்தர் இருப்பாரே, அந்த ஜாதி.

மீனுக்குக் கண்ணில் அடிபட்டால் இந்தக் கிளியா செல்கள் பெருகி, புதிதாகப் பார்வைச் செல்களையே உண்டாக்கிவிடும். மீன் மறுபடி பார்க்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம் கண்ணில் அவை பெருகினால் தழும்புதான் மிச்சம். அத்தானுடைய பேராசிரியர் ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். அதை ஊற்றினால் மனிதக் கிளியாவும் மீனைப் போல் வேலை செய்யும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லியாகிவிட்டது. நிரூபிப்பதுதான் பாக்கி.

அதற்கு இரண்டு பேர். ஒருவர் அத்தான். இன்னொருத்தி ஒரு பெண், இருபத்தேழு வயது. இவரை அண்ணா என்று கூப்பிடுவாள். இவரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வாய் வார்த்தைக்கு இல்லை. அத்தானுடைய மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் இவர் தட்டில் வளர்த்துவந்த செல்களுக்கும் சேர்த்து அவள்தான் உணவு மாற்றினாள். அக்கா கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள். கையுறை ரப்பர் நாற்றம் விரலைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது என்று, வேலை முடிந்ததும் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரிப்பாள். சுளையை எல்லோருக்கும் கொடுத்துவிடுவாள். தோலை விரலில் தேய்த்துக்கொள்வாள்.

எண்ணுவது அவள் வேலை. மருந்து ஊற்றிய செல்கள் சில கண்ணாடித் தகடுகளில், ஊற்றாதவை சில தகடுகளில். பெருகுகிற செல் மட்டும் மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக மின்னுமாறு சாயம் போட்டிருப்பார்கள். வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் வெளுத்துவிடும். அதனால் ஜன்னல் இல்லாத இருட்டறையில் உட்கார்ந்துதான் எண்ண வேண்டும். கையில் ஒரு சின்னக் கருவி, கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு எண் ஏறும். டிக். ஒரு செல்லுக்கு ஒரு டிக்.

எது மருந்துத் தகடு, எது சும்மாத் தகடு என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும். அதனால் ஒவ்வொரு தகட்டின் பெயர் மேலும் கறுப்பு டேப் ஒட்டி, டேப்பின் மேல் வெறும் நம்பர் எழுதுவார்கள். டேப் ஒட்டுவதும், எந்த நம்பர் எது என்ற பட்டியலை உறையில் வைத்துக் காப்பதும் அத்தான் வேலை. எண்ணி முடித்து, எல்லோர் முன்னாலும் உறையைப் பிரிக்கும்வரை டேப்பை யாரும் தொடக் கூடாது. அந்தத் தொழிலில் அதுதான் சத்தியம்.

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். பேராசிரியரும் அத்தானும் உறையை அவர் அறையில் முன்கூட்டியே ரகசியமாகப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்துக்கும் சும்மாவுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மருந்து தண்டம்.

பேராசிரியர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க பெர்மனென்ட் ஆர்டர் ரெண்டு மூணு மாசத்துல கையெழுத்துக்கு வருது இல்ல?"

"ஆமா சார்."

"எட்டு வருஷமா தற்காலிகமாவே ஓட்டிட்டீங்க. ஒரு ஆறு தகடுதான். எண்ணிக்கை கூடின டேப் மட்டும் மருந்துத் தகட்டுக்கு இடம் மாறினா போதும்."

அத்தான் வீட்டுக்குப் போகவில்லை, யோசிக்கவில்லை, ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போய் ஆறு தகடுகளின் டேப்பைப் பிரித்து, மாற்றி ஒட்டி, அதற்கேற்பப் பட்டியலையும் திருத்தி உறையைப் பழையபடி மூடிவிட்டு வந்தார். எனக்கு இந்த இடத்தில் அவர் மேல் வருகிற கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை.

எல்லோர் முன்னாலும் உறையைப் பிரித்தபோது மருந்து பிரமாதமாக வேலை செய்திருந்தது. கைதட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. பத்து நாள் இருட்டில் உட்கார்ந்து பார்த்தவள் இல்லையா, ஒவ்வொரு தகடும் அவளுக்குத் தெரிந்த முகம். நேராக அத்தானிடம் வந்தாள்.

"அண்ணா, பதினேழாம் நம்பர்ல ஓரமா ஒரு காத்துக்குமிழி இருந்துச்சு. இப்ப பாத்தா இல்ல. டேப்பை யாராவது பிரிச்சாங்களா?"

"உனக்குக் கண்ணு அசந்து போயிருக்கும்மா."

அவள் சும்மா விடவில்லை. நிர்வாகத்துக்கு எழுதினாள். விசாரணை வைத்தார்கள். நீளமான மேஜை, ஐந்து பேர். தனக்குப் பேர் கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் அந்தப் பெண் பொய்ப்பழி போடுகிறாள் என்று பேராசிரியர் பூசி மெழுகினார். கடைசியில் அத்தானைக் கூப்பிட்டார்கள்.

"டேப் உங்க பொறுப்பு. யாராவது பிரிச்சாங்களா?"

அத்தான் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒட்டினது ஒட்டினபடியே இருந்துச்சு சார். வேற எனக்கு எதுவும் தெரியாது."

அவள் அழவில்லை. சண்டை போடவில்லை. திரும்பி அவரைப் பார்த்து, "அண்ணா..." என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு மாலையே வேலை போயிற்று. அந்த ஆறு தகடுகளையும் அத்தான் தன் கையாலேயே குப்பையில் போட்டு உடைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணி, அவள் தன் நோட்டுகளை எடுத்துப்போக வந்தாள். உள்ளே விடக் கூடாது என்று கேட்டில் உத்தரவு. வெயிலில் நின்றபடி அத்தானுக்கு போன் செய்தாள். அத்தான் உள்ளேதான் இருந்தார். செல்களுக்கு ஞாயிறும் திங்களும் தெரியாது, அவற்றுக்கு உணவு மாற்ற வந்திருந்தார். போன் மேஜை மேல் அதிர்ந்து அதிர்ந்து மெதுவாகச் சுற்றியது. தங்கச்சி என்று பெயர் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மூன்றாம் முறை ரொம்ப நேரம் அடித்தது.

அப்புறம் அடிக்கவில்லை.

அவள் திரும்பி நடந்திருக்கிறாள். ரோட்டு வளைவில் லாரி. சுவருக்கும் லாரிக்கும் நடுவில்... வேண்டாம், அதைச் சொல்லவில்லை. பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள் ரோடு முழுக்க நசுங்கிக் கிடந்தன என்று மட்டும் கேட் வாட்ச்மேன் சொன்னார்.

கண் தானத்துக்கு அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தக் கூடத்தில் எல்லோருமே எழுதிக் கொடுத்தவர்கள். அடுத்தவர் கண்ணை வெட்டிப் பிழைக்கிறவர்கள் தங்கள் கண்ணைத் தராவிட்டால் எப்படி?

இரண்டு நாள் கழித்து ஐஸ் பெட்டி வந்தது. வழக்கமாக வருவதுதான். முன்பக்கத்துக் கருவிழியை யாருக்காவது பொருத்த எடுத்துக்கொண்டு, பின்பக்கத்தை ஆராய்ச்சிக்குத் தருவார்கள். பெயர் இருக்காது. எண் மட்டும். நாற்பத்தொன்று. பெண். வயது இருபத்தேழு. இடது கண்.

இருபத்தேழு வயதில் எத்தனையோ பெண்கள் சாகிறார்கள் என்று அத்தான் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கண்ணை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, கத்தரியால் நான்கு பக்கமும் கீறி, பூ இதழ் மாதிரி விரித்தார். விழித்திரை தெரிந்தது. ரத்தக் குழாய்கள் தெரிந்தன. மேல்பக்கம் ஒரு குழாய் நேராகப் போய், சட்டென்று தூண்டில் முள் மாதிரி வளைந்து திரும்பியிருந்தது.

அந்த வளைவு அவருக்குத் தெரியும். கண்ணைப் படமெடுக்கிற காமிரா புதிதாக வந்தபோது, சரியாக எடுக்கிறதா என்று பார்க்க அவரவர் கண்ணையே எடுத்துப் பார்த்தார்கள். அந்த வேலையில் அது வழக்கம். அவளுடைய இடது கண் படம் பிரமாதமாக விழுந்திருந்தது. கூடத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். அத்தான் தலையை நிமிர்த்தினால் எதிரே அந்தப் படம். தூண்டில் முள்.

தெரிந்தவர்களின் கண்ணை வெட்டக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கையை உதறிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். இந்தப் பெண்ணின் பேச்சு மறுபடி வரும். விசாரணை, டேப், ஆர்டர்...

கத்தரி நிற்கவில்லை.

அவளுடைய கிளியா செல்களைப் பிரித்தெடுத்து, இளஞ்சிவப்புத் திரவத்தில் விட்டு, உடம்புச் சூட்டில் இருக்கிற பெட்டிக்குள் வைத்தார். சாதாரணமாகத் தட்டு நிறைய இரண்டு வாரம் ஆகும். நாலாம் நாள் பெட்டியைத் திறந்தார்... தட்டு முழுக்க நிறைந்திருந்தது. ஆள் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகவில்லை. அவளுடைய செல்கள் உள்ளே, இருட்டில், சூடாக, உயிரோடு.

பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். இந்தச் செல்களில் சோதனையைத் திரும்பச் செய்தால் மருந்து உலகம் முழுக்கப் போய்விடும் என்றார். இந்த முறை யாரும் குறை சொல்லக் கூடாது என்று, டேப் ஒட்டவும் பட்டியலைப் பூட்டி வைக்கவும் புள்ளிவிவரப் பிரிவிலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தார்கள். கண்டிப்பான அம்மா. சிரிப்புக்கே ரேஷன். எண்ணுகிற வேலை அத்தானுக்கு.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள். அவள் போய் மூன்று வாரம். பகல் இரண்டு. ஆரஞ்சு வாசனை கேட் வரை வந்து நின்றுவிட்டது என்றேன் அல்லவா...

அத்தான் இருட்டறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே கையை நீட்டினால் கை தெரியாத கும்மிருட்டு. ஏசி இரைச்சல். ஸ்பிரிட் நெடி. முதல் தகட்டை வைத்துக் கண்ணைப் பொருத்தினார்.

கிளியா செல்கள் நீளமாகப் படுத்திருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை. டிக்... டிக்... இரண்டு. அடுத்த தகடு, மூன்று. அடுத்த தகட்டை வைத்தார். அப்படியே கண்ணை எடுக்க முடியவில்லை. முழுக்கப் பச்சை. விளிம்பு முதல் விளிம்பு வரை. மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறது. எண்ணினார். டிக், டிக், டிக், டிக்...

எழுபதோ எண்பதோ தாண்டியதும்தான் ஒன்று உறைத்தது. அவர் ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை கேட்கிறது.

அமுக்குவதை நிறுத்தினார்.

டிக்.

பக்கத்து நாற்காலியிலிருந்து.

டிக்... டிக்... நிதானமாக, அவசரமில்லாமல், எண்ணத் தெரிந்த ஒருவர் எண்ணுகிற மாதிரி. ஸ்பிரிட் நெடியைத் தாண்டி ஆரஞ்சுத் தோல் வாசனை மூக்கில் ஏறியது. அத்தானுக்குத் தலையைத் திருப்பவும் தைரியமில்லை. சத்தம் நின்றது. அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில், வேலை நடுவே சாதாரணமாகக் கேட்கிற குரலில்...

"அண்ணா, டேப்பை யார் பிரிச்சா?"

அத்தானுக்கு எப்படியோ குரல் வந்தது. வந்த குரல் என்ன சொன்னது தெரியுமா? பேயிடம்கூட அந்த மனுஷன் உண்மையைச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாது."

நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது, ஒருவர் எழுந்துகொள்கிற மாதிரி. அத்தான் சுவரைத் தடவித் தடவிக் கதவைத் திறந்து வெளியே விழுந்தார். வராந்தாவில் வெளிச்சம். திறந்த கதவு வழியே பார்த்தால் பக்கத்து நாற்காலி காலி. அப்போதுதான் கவனித்தார், எதிரே இருந்த கதவுச் சட்டம் வளைந்திருந்தது. நேரான மரச்சட்டம்... நடுவில் வில் மாதிரி. வலது கண்ணை மூடினால் வளைகிறது. இடது கண்ணை மூடினால் நேராகிறது.

வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க மென்று முழுங்கிவிட்டு, விடியும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"அந்தப் பொண்ணு இந்த வீட்ல சாப்பிட்டிருக்கு. நம்ம குழந்தைக்குத் தலை வாரி விட்டிருக்கு. இன்னிக்கே போய்ச் சொல்லிடுங்க."

"வேலை போயிடும்."

"கண்ணு போனா?"

"ஆர்டர் மட்டும் கைக்கு வரட்டும். வந்த மறுநாள் சொல்லிடறேன். சத்தியமா."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறும் எண்ணப் போனார். போகாமல் எப்படி? அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு முறையும் தகடுகள் பச்சையாகப் பற்றி எரிந்தன. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் டிக்... டிக்... ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே குரல். கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை என்பார் அத்தான். இரண்டாம் முறை வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் முறையும் இல்லை. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் வளைவு கூடியிருந்தது. மகளின் முகத்தில் மூக்கு ஒரு பக்கம் ஒதுங்கியது. நான்காவது ஞாயிறு, வலது கண்ணிலும் கதவுச் சட்டம் வளைந்தது.

புள்ளிவிவர அம்மா பட்டியலைப் பிரித்தார். பச்சையாக எரிந்தவை அத்தனையும் மருந்துத் தகடுகள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பேராசிரியர் பெரிய கூட்டம் போட்டு அறிவித்தார். அந்த வாரமே அத்தான் கைக்கு பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. எட்டு வருஷம் காத்திருந்த தாள். அதிலிருந்த வரிகள் புழுவாக நெளிந்தன. தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று அக்காவைக் காட்டச் சொன்னார்.

மறுநாள் போய்ச் சொன்னாரா என்று கேட்கிறீர்களா? கூட்டம் முடியட்டும் என்றார். கொண்டாட்டம் முடியட்டும் என்றார். நாள் தள்ளினார்.

வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்று தகடுகளைக் கேட்டு வாங்கியது. தாங்களும் எண்ணிப் பார்க்க. ஒரே வாரத்தில் பதில் வந்தது. எல்லாத் தகடுகளிலும் இரண்டு மூன்று பச்சைதான். மருந்துக்கும் சும்மாவுக்கும் வித்தியாசமே இல்லை. எண்ணிய அன்றைக்கே மைக்ரோஸ்கோப் காமிரா தானாக எடுத்து வைத்திருந்த படங்களைத் திறந்து பார்த்தார்கள். அவற்றிலும் இரண்டு, மூன்று. அவ்வளவுதான்.

அதே நீளமான மேஜை. அதே ஐந்து பேர்.

புள்ளிவிவர அம்மா, டேப்பை யாரும் தொடவில்லை, தன் கையெழுத்து அப்படியே இருக்கிறது என்றார். உண்மைதான். அத்தானைக் கேட்டார்கள்.

"எண்பது, தொண்ணூறுன்னு எழுதியிருக்கீங்களே, எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான் பாத்தேன் சார். என் கண்ணால பாத்தேன்."

"படத்துல இல்லையே."

"இருந்துச்சு சார்... பச்சையா இருந்துச்சு..."

பேராசிரியர் பக்கம் திரும்பினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண்ணினது இவர். எனக்கு வேற எதுவும் தெரியாது."

அப்போதுதான் அத்தான் உடைந்தார். பழைய ஆறு தகடுகள், டேப் மாற்றியது, பேராசிரியர் சொன்னது, அவள் கேட்டது, எடுக்காத போன்... ஒன்று விடாமல் சொன்னார். விம்மி விம்மிச் சொன்னார். சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய ஆட்களிடம், சத்தியமாக உண்மை. மேஜையின் நடுவில் இருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"அந்தத் தகடு எங்க?"

"உடைச்சுட்டேன் சார்."

"உங்க வேலை போகுதுன்னதும் செத்துப்போன பொண்ணை இழுக்கறீங்க. வெக்கமா இல்ல?"

ஒருவரும் நம்பவில்லை. பொய் சொன்னபோது நம்பிய அதே ஐந்து பேர். அத்தானுக்கு அன்றைக்கு மாலையே வேலை போயிற்று.

என்ன கேட்டீர்கள், பேராசிரியருக்கு என்ன ஆயிற்றா? ஒன்றும் ஆகவில்லை. ஜம்மென்று இருக்கிறார். கண்ணாடிகூட இப்போது போடுவதில்லையாம். நானும் இதைத்தான் கேட்டேன். இது என்ன நியாயம், அவரையல்லவா அவள் பிடித்திருக்க வேண்டும் என்று. அக்காதான் சொன்னாள்.

"அந்தாளு எப்படிப்பட்டவர்னு அவளுக்கு முன்னாடியே தெரியும்டா. அவரை அவ அண்ணான்னு கூப்பிட்டதில்ல."

ஆரஞ்சு வாசனை அதற்குப் பிறகு வரவில்லை. டிக் சத்தமும் இல்லை. அவள் கேட்க வேண்டியது எதுவும் பாக்கியில்லை. ஆனால் கண் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. விழித்திரை மேல் ஒரு சவ்வு வளர்ந்து இழுக்கிறது, கிளியா செல்கள் பெருகி உண்டாக்குகிற தழும்பு, இந்த வயதில் இவ்வளவு வேகமாக நான் பார்த்ததில்லை என்றார் கண் சர்ஜன். இடது கண்ணில் ஆபரேஷன் செய்து சவ்வை உரித்து எடுத்தார். ஏன் இப்படி வளர்கிறது என்று பார்க்கச் சோதனைக்கு அனுப்பினார்.

ஒரு வாரத்தில் தாள் திரும்பி வந்தது. மாதிரி மாறிப்போயிருக்கிறது, சரிபார்த்து மறுபடி அனுப்பவும் என்று ஒரே வரி. சர்ஜனுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் தியேட்டரில் மாதிரி மாறுவதா? வலது கண்ணில் ஆபரேஷன் செய்தபோது, எடுத்த சவ்வைத் தானே குப்பியில் போட்டு, தானே மூடி, தானே பெயர் எழுதி, தானே கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டாவது தாளை அக்காதான் வாங்கி வந்தாள். அத்தான் கண்ணில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படி என்றார். அக்கா தாளை மடித்தாள். படி என்று மறுபடி சொன்னார். அக்கா மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"இம்முறையும் நீங்கள் அனுப்பியிருப்பது ஓர் ஆணின் கண்ணிலிருந்து எடுத்தது அல்ல. இவை ஒரு பெண்ணின் செல்கள். உயிருடன் இருக்கின்றன. பெருகிக்கொண்டிருக்கின்றன."